உங்கள் பெயரை மாட்டிக்கொண்டு நடக்கிறேன், அப்பா

மெர்தர் டிட்வில், வேல்ஸ்
திங்கட்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் வீடியோவில் வந்தீர்கள், "சாப்ட்டியா, குளிர் எப்படி இருக்கு" என்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் போன் அம்மா கைக்குப் போய்விட்டது. ஏழு மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் இப்படித்தான் நடக்கிறது. உங்களுக்குப் போனில் பேச வராது என்று எனக்குத் தெரியும், எனக்கும் உங்களிடம் நேரிலேயே பேச வந்ததில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவும் பாப்பாவும் அப்புறம் படிக்கட்டும், முதலில் நீங்கள் படியுங்கள்.

கோவை விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கி டிராலியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றீர்களே, அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. டிப்ளமோ முடித்த கையோடு நீங்கள் இரும்பு வார்க்கிற பவுண்டரியிலேயே வேலை போட்டுத் தருகிறேன் என்று உங்கள் முதலாளி சொல்லியிருந்தார், நான் அதை விட்டுவிட்டு, நம் சபைக்காக வீடு வீடாகப் போய் இயேசுவைப் பற்றிச் சொல்லும் 2 வருடம் சம்பளமில்லாத ஊழியத்துக்குக் கிளம்பினேன். உங்களுக்கு வருத்தம். ஆனாலும் மாதாமாதம் நம் பங்குப் பணத்தை நீங்கள்தான் கட்டுகிறீர்கள். இங்கே நான் என்ன செய்கிறேன் என்றாவது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

காலை 6.30க்கு எழுந்துவிடுகிறோம். அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், ஓட்ஸ் கஞ்சி, அப்புறம் வேத வாசிப்பு. 10 மணி வாக்கில் தெருவில் இறங்கினால் வீடு திரும்ப இரவு 9 ஆகிவிடும், 10.30க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். சினிமா, டிவி கிடையாது. தனியாக எங்கேயும் போகக்கூடாது, கம்பானியன், அதாவது என்னோடு ஜோடியாக ஊழியம் செய்கிறவன், எப்போதும் கூடவே இருப்பான், அவனும் நானும் ஒரே அறையில்தான் தூங்குகிறோம். திங்கட்கிழமை மட்டும் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்குப் பேச. 6 வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் அறிவிப்பு வரும், யார் எந்த ஊருக்கு, யாரோடு என்று. அந்த நாளுக்கு முந்தின ராத்திரி யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது.

ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கதவாவது தட்டுவோம். பாதி வீட்டில் திறக்கவே மாட்டார்கள், மீதியில் பெரும்பாலும் "நோ தேங்க்ஸ், லவ்" என்று சொல்லி மெதுவாகச் சாத்திவிடுவார்கள். 'லவ்' என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நம்ம ஊரில் தெரியாத பையனைக்கூட "கண்ணு" என்று கூப்பிடுகிறோமே, அதுதான். மழை வேறு. இந்த ஊர் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கத்திலிருந்து வந்து முகத்தில் அறைகிறது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது, இருட்டில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பவர்கள் பயப்படுகிறார்கள் என்று நாங்கள் ஜன்னல் வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொள்வோம், முகமும் பேட்ஜும் தெரியட்டும் என்று.

அந்தப் பேட்ஜைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். கறுப்புப் பேட்ஜ், வெள்ளை எழுத்து. கீழே சபையின் முழுப் பெயர், இங்கேயும் நம்மை மார்மன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதனால் பேட்ஜைக் காட்டி இயேசு கிறிஸ்துவின் சபை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே 'எல்டர்' என்று, ஊழியத்துக்கு வந்த பையன்களுக்கெல்லாம் போடுகிற பட்டத்தைப் போட்டு, பக்கத்தில் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது உங்கள் பெயர். ஆகவே ஏழு மாதமாக என் சொந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை அப்பா. காலையில் கம்பானியன் எழுப்புவது உங்கள் பெயரைச் சொல்லி. ஞாயிற்றுக்கிழமை பிஷப் மேடையிலிருந்து ஜெபம் செய்யக் கூப்பிடுவது உங்கள் பெயரை. அதில் இருக்கிற 'ஞா' இவர்கள் வாயில் வரவே வராது, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள், நான் ஒவ்வொருத்தருக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறேன். சர்ச்சில் ஒரு பாட்டி மட்டும் இப்போது அழகாகச் சொல்கிறார்.

டீ விஷயம் அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்கும் சொல்கிறேன். இந்த ஊரில் கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள் என்றால் முதல் வேலை கெட்டிலைப் போடுவதுதான். சபைக் கட்டளைப்படி நாம் டீ, காபி குடிப்பதில்லை என்று சொன்னவுடன் அவர்கள் முகம் சட்டென்று வாடிவிடுகிறது. விருந்தாளிக்குக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று நம் வீட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியாதா? முதல் மாதம் முழுக்க எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாம் ஞானஸ்நானம் எடுத்த வருடம் நீங்கள் டவராவை அம்மா பக்கம் நகர்த்தி "இனி இதில ஹார்லிக்ஸே போடு" என்று சொன்னீர்களே, எத்தனை வருடப் பழக்கத்தை அன்றைக்கு ஒரே வார்த்தையில் விட்டீர்கள் என்று இங்கே வந்துதான் புரிகிறது. இப்போது நானே முந்திக்கொண்டு "ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா" என்று கேட்டுவிடுகிறேன். கேட்டு வாங்கிக் குடித்தால் அவர்களுக்கும் மனம் ஆறிவிடுகிறது.

இந்த ஊரை நீங்கள் பார்க்க வேண்டும் அப்பா. ஒரு காலத்தில் உலகத்துக்கே இரும்பு இங்கிருந்துதான் போனது. டவ்லைஸ், கவார்த்வா என்று பெரிய பெரிய இரும்பாலைகள், எத்தனையோ நாடுகளின் தண்டவாளம் இங்கே செய்தது. 1804ல் நீராவி எஞ்சின் ஒன்று தண்டவாளத்தில் முதன்முதலாகப் பாரம் இழுத்ததும் இந்த ஊரில்தான். கவார்த்வாவில் பழைய ஊதுலைகளின் கல் வளைவுகள் ஆற்றோரம் இன்னும் நிற்கின்றன, உள்ளே புல் முளைத்திருக்கிறது. ஒரு திங்கட்கிழமை அங்கே போய், உலைவாய் எது, காற்று எந்தப் பக்கம் ஊதியிருப்பார்கள் என்று கம்பானியனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்றான். சின்ன வயதில் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரும்பு உருக்குகிற குப்போலா உலை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததுதான்.

அவன் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் மாலட் என்ற ஊர்க்காரன். அந்த ஊரே வேல்ஸிலிருந்து போன சபைக்காரர்கள் குடியேறியது. 1845ல் டான் ஜோன்ஸ் என்ற கப்பல் கேப்டன் இங்கே ஊழியத்துக்கு வந்தார், வேல்ஸ்காரர்தான், மெர்தரை மையமாக வைத்து வேல்ஷ் மொழியிலேயே பிரசங்கம் செய்தார், பத்திரிகை அச்சடித்தார். ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கொல்லர்களும் சுரங்கத் தொழிலாளிகளும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிப் போனார்கள், 1856ல் போனவர்களில் ஒரு கூட்டம் மாட்டு வண்டிக்கு வழியில்லாமல் கைவண்டியைத் தள்ளிக்கொண்டே ஐயோவாவிலிருந்து சால்ட் லேக் வரை நடந்தது. அவன் பாட்டனுக்குப் பாட்டன் அதில் ஒருவர். அதே காலத்தில், 1853ல், நம் சபையின் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் இன்னும் இரண்டு ஊழியர்களோடு மெட்ராசில் வந்து இறங்கியிருக்கிறார். ஏறக்குறைய ஒரு வருடம் அலைந்தார், கேட்டவர்கள் சில பேர்தான். நாள் முழுக்கக் கதவுகள் சாத்தப்படும்போது நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன். வெயிலில் அந்தக் கறுப்புக் கோட்டோடு எந்தெந்தத் தெருவில் நின்றிருப்பார்?

சரி, இந்தக் கடிதம் எழுத வைத்தவரைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிருந்து ஆற்றோடு கீழே போனால் அபர்வான் என்று ஒரு கிராமம். 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை, மலை மேல் கொட்டி வைத்திருந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவு சரிந்து வந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள். மலைச்சரிவில் வரிசையாக வெள்ளை வளைவுகளோடு அந்தக் கல்லறைகள் இருக்கின்றன.

இரண்டு வாரத்துக்கு முன்னால், மழையில், ஒரு வயதான அம்மா குப்பைத் தொட்டியைப் படியேற்ற முடியாமல் நின்றார். நாங்கள் ஏற்றிக் கொடுத்தோம். உள்ளே கூப்பிட்டார், "கடவுளைப் பற்றி மட்டும் பேசாதீர்கள், அவரோடு நான் பேசுவதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது" என்றார். சரி என்றோம். அப்புறம் அவரே சொன்னார். தம்பி அந்தப் பள்ளியில் இருந்தான். அப்பா சுரங்கத் தொழிலாளி, அன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்து தோண்டினார். அவ்வப்போது விசில் ஊதுவார்களாம், ஊதினால் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு மூச்சுக்கூட விடாமல் நிற்பார்களாம், அடியிலிருந்து ஏதாவது குரல் கேட்கிறதா என்று. "எங்கப்பா அதுக்கப்புறம் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை, அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்" என்றார். கையில் கர்ச்சீப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். எப்போதும் ஒரு வசனத்தைத் தயாராக வைத்திருக்கிற என் கம்பானியன் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். கிளம்பும்போது பேட்ஜைப் பார்த்து, இதுதான் உன் பெயரா என்றார். இல்லை, என் அப்பா பெயர் என்றேன். "அப்படியா, அவருக்கு எழுதுகிறாயா?" என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் போய்த் தொட்டியை ஏற்றி வைத்துவிட்டு வருகிறோம். எழுதினாயா என்று முதலில் அதைத்தான் கேட்கிறார். இந்த வாரம் எழுதிவிட்டேன் என்று சொல்வேன்.

நீங்களும் எழுதுங்கள் அப்பா. வாட்ஸ்அப் வேண்டாம், பேப்பரில், உங்கள் கையெழுத்தில். பவுண்டரியில் முதல் நாள் எப்படி இருந்தது, உங்கள் இடது கையில் அந்தத் தழும்பு எப்போது பட்டது, எதுவானாலும் சரி. விலாசம் அம்மாவிடம் இருக்கிறது.

உங்கள் மகன்

பி.கு.: நீங்கள் உக்கடத்தில் வாங்கிக் கொடுத்த ஷூவின் அடி தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. பிஷப் வேறு ஜோடி கொடுத்திருக்கிறார், கால் நனைவதில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.