வேலை முடியும் நேரம் எது? மலேசிய மனிதவள அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மனிதவள அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். 200 கிலோமீட்டருக்கு அப்பால், கோலாலம்பூரில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வரப்போகிறது என்றதும் இரண்டு பைகளோடு ஊருக்கு வந்தவள், அதற்கு அப்புறம் அங்கே குடியிருக்கப் போகவே இல்லை. அதற்கு முன்பு என் மகன் இங்கே பாட்டியிடம் வளர்ந்தான், நான் மாதத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறி வந்து பார்ப்பேன். இப்போது காலையில் நானே அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் படித்து முடித்தால் ஊரை விட்டுப் போய்த்தான் ஆக வேண்டும் என்றிருந்த நிலையை வீட்டிலிருந்தே செய்யும் இந்த வேலை கொஞ்சமாவது மாற்றியிருக்கிறது. அதனால் தயவுசெய்து இந்தக் கடிதத்தை வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு எதிரான புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இது வேண்டும். என் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அம்மா இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடுவார், என்னைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தன் மர வரிசையான நிரைக்குப் போவார். சுலபமான வாழ்க்கை இல்லை அது, அவருடைய முழங்காலைக் கேட்டால் சொல்லும். ஆனால் பாலைத் தூக்கி வந்து ஸ்டோரில் நிறுத்து ஊற்றிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, மிச்ச நேரம் அவருடையது. போன மாதம் இரவு பத்தரைக்கு நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "தொரைகூட எங்கள ராத்திரியில கூப்பிட்டதில்லையேம்மா" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் இரவு ஒன்பதுக்கு மேல்தான் "சின்ன வேலைதான்" என்று செய்தி வரும். நீலக் குறி விழுந்து பத்து நிமிடத்தில் பதில் இல்லையென்றால் மறுநாள் கூட்டத்தில் பேச்சு வரும். சாயங்கால இடியில் மின்சாரம் போய் ஒரு மணி நேரம் லைன் இல்லாமல் போனால் அதை இரவில் ஈடு செய்ய வேண்டும், நான் இரவில் செய்த நேரத்தை மட்டும் யாரும் ஈடு செய்வதில்லை. மாரியம்மன் திருவிழாவில் ரதம் எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் உள்ளே காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். என் மகன் தனியாக அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதை என்னால் மறக்க முடியவில்லை. இதையெல்லாம் மேலிடத்தில் சொன்னால் ஒரே பதில்தான்: "அப்போ ஆபீசுக்கே வந்துவிடுங்கள்." அதனால்தான் என்னைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம். மகனோடு இருக்க வேண்டுமானால் இரவையும் விட்டுக்கொடு என்பது என்ன நியாயம்?

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் நீங்கள் செய்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 45 ஆனது. வேலை நேரத்தை, நாளை, இடத்தை மாற்றிக் கேட்டு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நல்ல திருத்தம், நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்த 45 மணி நேரத்தை என் வீட்டில் யார் எண்ணுகிறார்கள்? கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி என்ற விதியும் மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்குத்தான். என் சம்பளம் அந்தக் கோட்டை 200 வெள்ளி தாண்டியதும், என் இரவுகளுக்கு விலையே இல்லாமல் போய்விட்டது.

பிரான்ஸ் 2017-இலேயே வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தில் வைத்தது. ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் கொண்டு வந்தது. அங்கே நேரத்துக்கு அப்பால் வரும் அழைப்பை ஊழியர் ஏற்காமல் இருக்கலாம், அந்த மறுப்பு நியாயமற்றதாக இருந்தால் தவிர. அவசரம் என்று உண்மையிலேயே ஒன்று வரும், கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் நானே உட்காருவேன், அதை மறுக்கவில்லை. தினமும் அவசரம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கும் கடிதத்திலேயே வேலை தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுத வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். அந்த நேரத்துக்கு அப்புறம் பதில் போடாதவரை அதற்காகத் தண்டிக்கவோ, ஆபீசுக்குத் திரும்ப வரச் சொல்லி மிரட்டவோ கூடாது என்று சட்டத்தில் சேருங்கள். அதை எழுதும்போது கோலாலம்பூரில் இருப்பவர்களை மட்டும் கேட்காமல் சுங்கை சிப்புட், பாகான் செராய், பகாவ் மாதிரி ஊர்களில் சமையல்கட்டு மேசையில் வேலை பார்ப்பவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். பகலில் கூப்பிட்டால் கட்டாயம் வருவோம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டில் இருந்து ஓர் ஊழியர்