“நர்ஸே போட்டுக்கொள்ளவில்லை” என்ற வரி குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தடுப்பூசிக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. “ஊசியின் உள்ளும் புறமும் அறிந்த நர்ஸுகளே தங்களுக்கு என்று வரும்போது தயங்குகிறார்கள் என்றால், நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?” படித்த நாளிலிருந்து மனசு ஆறவில்லை. முப்பத்து மூன்று வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவள் நான். உங்கள் பத்திரிகையைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாங்குகிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கோபமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையாளர் சொல்லும் அப்படிப்பட்ட நர்ஸ் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். என் தங்கை மகள். ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. ரத்தம் வழியாகப் பரவி ஈரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்கான தடுப்பூசியை, ஊர்ப் பேச்சில் சொன்னால் காமாலை ஊசியை, ஆறு வருடமாகப் போட்டுக்கொள்ளாமல் இருந்தாள். தீபாவளிக்குக் கேட்பேன், பொங்கலுக்குக் கேட்பேன். “எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது பெரியம்மா, விடுங்க” என்பாள். அதற்கு மேல் பேச்சே வளராது.

அதே பெண் 2021-ல் கோவிட் தடுப்பூசியை வரிசையில் நின்று போட்டுக்கொண்டாள். அந்த ஜனவரி 16-ம் தேதி நாடு முழுக்கத் தொடங்கியபோது முதலில் கூப்பிட்டது சுகாதாரப் பணியாளர்களைத்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவள் மருத்துவமனையில் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள், டியூட்டி நேரத்திலேயே போட்டார்கள், காசு கேட்கவில்லை, காய்ச்சல் வந்தவர்களை மறுநாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இரண்டு டோஸும் போட்டாள். காமாலை ஊசிக்கு இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. தானே வெளியில் போய், தன் காசில், பூஜ்யம், ஒன்று, ஆறு என்று மாதக் கணக்கு வைத்து மூன்று முறை போட வேண்டும். மாதம் முழுக்க மாறி மாறி நைட் டியூட்டி பார்ப்பவள் எந்த நாளை ஒதுக்குவாள்? ஊசியின் ரகசியம் தெரிந்து அவள் ஒதுங்கியிருந்தால் இரண்டிலிருந்தும் அல்லவா ஒதுங்கியிருப்பாள்! இதை உங்கள் கட்டுரையாளர் ஒரு நர்ஸிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்களாம். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஒரு கட்டம். இவள் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற இன்சார்ஜ் சிஸ்டர், “ஆமான்னு போட்டுடும்மா, இல்லன்னா ஃபைல் திரும்பி வரும்” என்றிருக்கிறார். அந்தக் கட்டத்தில் போட்ட டிக்தான் ஆறு வருடம் அவளுக்குத் தடுப்பூசியாக இருந்தது.

இந்த வயது நர்ஸுகளில் பலர் குழந்தையாக இருந்தபோது இந்தத் தடுப்பூசி அரசு அட்டவணையில் கிடையாது. தமிழ்நாட்டில் ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலண்ட் ஊசி 2011 டிசம்பரில்தான் வந்தது. கேரளாவிலும் இங்கேயும்தான் முதலில் கொடுத்தார்கள். அதற்குள் காமாலை ‘பி’-யும் அடக்கம். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் என் கையால் போட்டிருக்கிறேன். என் தங்கை மகளுக்கு அந்த வாய்ப்பில்லை.

இனி, எனக்கு ஏன் அந்த வரி இவ்வளவு சுட்டது என்பதைச் சொல்கிறேன். ஒரு வளைகாப்பு வீட்டில் நான் மறுபடியும் இந்தப் பேச்சை எடுத்தேன். நாலு பேர் முன்னால் கேட்டது என் தப்புதான். அவள் முகம் சுருங்கி, “அந்த ஊசியெல்லாம் எனக்கு வேண்டாம் பெரியம்மா” என்று பட்டென்று சொல்லிவிட்டாள். இலை போட்டு முடிவதற்குள் அது தெருவுக்குப் போய்விட்டது. அடுத்த புதன்கிழமை எங்கள் தெருக் கோடியில் ஒரு பெண் தன் மூன்றரை மாதக் குழந்தையை ஊசிக்குத் தூக்கிப் போகவில்லை. கேட்டதற்கு, “நர்ஸ் அக்காவே வேண்டாம்னு சொல்லிட்டாங்களாமே” என்றாள். ஓய்வு பெற்ற பிறகும் புதன்கிழமை என்றால் எனக்கு ஊசி நாள்தான், மனசு அதிலேயே நிற்கும். மூன்று முறை அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் அந்தக் குழந்தைக்கு ஊசி விழுந்தது. ஒரு வாய் வார்த்தை ஒரு தெருவில் செய்த வேலை இது. நீங்கள் அதே வார்த்தையை அச்சடித்து எத்தனை ஊருக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இது முதல் தடவையும் இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தபோது எங்கள் வயிறும் எரிந்தது. அதன் பிறகு கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை நிறுத்தி, தாய்மார்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பஸ் இல்லாத ஊரிலிருந்து கைக்குழந்தையோடு நடந்து வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதை எழுதுங்கள் என்று அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன், வெளிவரவில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப்பில் வந்த புரளிகளைப் ‘பெற்றோர்களின் கேள்விகள்’ என்று தொகுத்துப் போட்டீர்கள், பதில்களைப் போடவில்லை. பள்ளிக்கூட வாசலில் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அப்பா என்னிடம் சண்டைக்கு நின்றார். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பில் இறந்தபோதும் அப்படித்தான். ஊசிக்கும் அவர் இறப்புக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் குழு பிறகு சொன்னது. அந்தச் செய்தியை உங்கள் பக்கங்களில் தேடித் தேடிப் பார்த்தேன்.

நான் 1986-ல் வேலைக்கு வந்தபோது கண்ணாடிச் சிரிஞ்சுதான். ஸ்டவ்வில் தண்ணீர் கொதிக்க வைத்து, இடுக்கியால் எடுத்து, ஊசியை விரலால் பொருத்துவோம். குத்தாத நாள் இல்லை. ஒரு முறை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் ஏ.டி. சிரிஞ்ச் எங்கள் கைக்கு வந்தது 2005-க்கு அப்புறம். என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் கண் மஞ்சளாகி, கீழாநெல்லி அரைத்துக் குடித்து, வயிறு வீங்கி, 1994-ல் போய்விட்டார். என்ன காமாலை என்றுகூட யாரும் பரிசோதித்துச் சொல்லவில்லை. தடுப்பூசி அப்போதும் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு, எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. 1997-ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் இங்கேயே தயாரித்த பிறகுதான் விலை இறங்கியது. இன்று சில நூறு ரூபாய்க்குள் ஒரு டோஸ் முடிந்துவிடும். அந்த அக்காவுக்குக் கிடைக்காதது இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, யோசியுங்கள் என்று எழுதுகிறீர்களே!

போன வருடம் ஒரு நாள் விடியற்காலை இரண்டேகால் மணிக்குப் போன். “பெரியம்மா, குத்திடுச்சு.” பின்னால் குழாய்த் தண்ணீர் சத்தம். ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போடும்போது கை நழுவி, கையுறையைத் தாண்டி இடது ஆள்காட்டி விரலில். மூடி போடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஊசி வெட்டும் இயந்திரம் வார்டின் மறுகோடியில். பதினெட்டு நோயாளிக்கு அன்று அவள் ஒருத்தி. “பிதுக்காதே, சோப்புப் போட்டுக் கழுவு, உடனே கேஷுவால்டிக்குப் போ” என்றேன். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “ஹெப் பி போட்டிருக்கீங்களா?” டிக் போட்ட படிவம் ஒரு பக்கம், குத்திய விரல் ஒரு பக்கம். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வர ரொம்ப நேரம் ஆனதாம்.

அந்த நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருந்திருந்தால்? தடுப்பூசி போடாத ஒருவருக்கு அப்படிக் குத்தினால் நூறில் ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை தொற்று வரலாம். எல்லோரும் நடுங்கும் எச்.ஐ.வி.க்கு அது ஆயிரத்தில் மூன்றுதான். காலையில் பெரியவரின் ரிப்போர்ட் வந்தது, எதுவும் இல்லை. நான் பூஜை அறையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. அவளுக்கு இரண்டு வருடம் சீனியர் ஒருத்திக்கு ரத்தப் பரிசோதனையில் ஹெப் பி இருப்பது தெரிந்ததும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். “ஊசி போடப் போனா முதல்ல ரத்தம் எடுப்பாங்க பெரியம்மா. எனக்கும் இருந்துட்டா? வேலை போயிடும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா அதுவும் போயிடும்.” ஆறு வருடம் இந்தப் பயத்தை மென்று விழுங்கிக்கொண்டு எங்களுக்கு ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லியிருக்கிறாள். இருந்தால்தான் என்ன? தேவைப்படுகிறவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம். தொட்டால் வருவதில்லை, சேர்ந்து சாப்பிட்டால் வருவதில்லை. அந்தச் சீனியர் பெண்ணை வெளியே அனுப்பியதைப் பற்றி எழுத உங்களிடம் யாரும் இல்லையா? ஊசியும் பிளேடும் கலந்த குப்பைப் பையைத் தூக்கும் துப்புரவு அக்காக்களிடம் இந்தத் தடுப்பூசி பற்றி யாராவது வாய் திறக்கிறார்களா? கட்டுரையாளர் கேள்வி கேட்க வேண்டிய இடம் அங்கே இருக்கிறது. வேலை போய்விடுமோ என்று பயந்த ஒரு பெண்ணின் மௌனத்தை எடுத்து, மருத்துவ ஆலோசனையாக ஊருக்குக் கொடுத்துவிட்டார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டால் போதும். நர்ஸ், லேப் டெக்னீஷியன், வார்டு உதவியாளர், துப்புரவுப் பணியாளர் யாராக இருந்தாலும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ், முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். இடையில் விட்டுப் போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்டதிலிருந்து போடலாம். ஊசி குத்திவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி போடாதவர்களுக்குத் தேவைப்படும் இம்யூனோகுளோபுலின் ஊசியை (கிருமியை எதிர்க்கும் சக்தியைத் தயாராகவே கொடுக்கும் ஊசி) 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. இவ்வளவுதான். சினிமாப் பக்கத்துக்குக் கீழே இடம் இருந்தாலும் சரி.

என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் அவள் யார் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு டோஸ் முடிந்திருக்கிறது. மூன்றாவதுக்கு வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு நைட் டியூட்டி முடிந்ததும் நானே மருத்துவமனை வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.