மடிக்கணினியில் உள்ள தரவை அழிக்கச் சொன்ன உங்கள் சேவை மையம் குறித்துப் புகார்

அனுப்புநர்:
வழக்கறிஞர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
தலைவர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: பாதியில் நிறுத்தப்பட்ட உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) மேம்படுத்தல், நல்ல நிலையில் இருந்த தரவை அழிக்கச் சொன்னது, வட்டின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் கேட்டது – தொடர்பாக.

ஐயா,

உங்கள் புதுச்சேரிக் கிளையில் வாங்கிய மடிக்கணினியில்தான் இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்கிறேன். இதே கணினியைப் பற்றி உங்கள் சேவை மையம் ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்தது: "எஸ்எஸ்டி பழுது. டேட்டா மீட்க இயலாது. ஃபார்மட் செய்யப் பரிந்துரை." எஸ்எஸ்டியில், அதாவது தரவு இருக்கும் வட்டில், எந்தப் பழுதும் இல்லை. ஒரு கோப்புகூடப் போகவில்லை. அந்தப் பரிந்துரையை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய வழக்குக் குறிப்புகள் அன்றோடு போயிருக்கும். அதனால்தான் கிளையோடு பேசி முடித்துக்கொள்ளாமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறேன்.

நான் கடலூர் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர். கணினி வாங்கும்போதே உபுண்டு வேண்டும், வட்டு முழுவதையும் என்கிரிப்ட் செய்து, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, தர வேண்டும் என்று கேட்டேன். உங்கள் ஆட்களே 22.04 பதிப்பைப் போட்டு, லினக்ஸில் வட்டைப் பூட்டும் லக்ஸ் முறையில் பூட்டி, கடவுச்சொல்லை மட்டும் என்னை அமைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கூடவே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் போட்டுக்கொண்டேன். பில்லிலும் ஒப்பந்தத்திலும் உபுண்டு என்று தெளிவாகவே இருக்கிறது.

என்கிரிப்ஷன் எனக்கு ஆடம்பரம் இல்லை. ஜீவனாம்ச வழக்குப் போட்ட பெண்ணின் வாக்குமூலம், பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள் கொடுத்த தாய்ப்பத்திரங்கள், காசோலை வழக்கின் வங்கிக் கணக்கு விவரங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. மடிக்கணினியைப் பேருந்தில் எங்காவது தவறவிட்டாலும் எடுத்தவர் கண்ணில் இவை படக்கூடாது. கட்சிக்காரர் என்னிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் நான் வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். பழைய சாட்சியச் சட்டத்தில் 126ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 132.

நடந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தப்படி ஆண்டுப் பரிசோதனைக்கு உங்கள் பொறியாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். விசிறியைச் சுத்தம் செய்தார், பேட்டரியைப் பார்த்தார், அது வரை சரி. அப்புறம் என்னைக் கேட்காமலே 22.04இல் இருந்து 24.04க்கு மேம்படுத்தலைத் தொடங்கிவிட்டார். 22.04க்கு 2027 வரை வழக்கமான ஆதரவு உண்டு. அன்றைக்கே பதிப்பை மாற்ற வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. தொடங்கியதையாவது முடித்திருக்க வேண்டும். மென்பொருள் பொதிகள் ஒவ்வொன்றாக இறங்கி, நிறுவல் ஓடிக்கொண்டிருந்தபோது, புதுச்சேரிக்குத் திரும்ப நேரமாகிவிட்டது என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்தார். "நாளைக்கு ஆன் செய்தால் மீதி தானாக ஓடிவிடும் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் ஜூனியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நீதிமன்றத்துக்குக் கிளம்பும் முன் கணினியைப் போட்டேன். வழக்கமாக வரும் கடவுச்சொல் கட்டம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ரூட் கோப்பமைப்பை, அதாவது கணினியின் எல்லாக் கோப்புகளும் இருக்கும் அடிப்படை இடத்தை, காணவில்லை என்று ஓர் எச்சரிக்கை, அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லும் துடிக்கும் ஒரு கர்சரும். வாரக் கடைசியில் எடுக்கும் பேக்கப் வெளி வட்டில் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதிய குறுக்கு விசாரணைக் குறிப்புகள் இந்த வட்டில் மட்டும்தான். வாய்தா வாங்க வேண்டியதாயிற்று. கட்சிக்காரர் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். அவரிடம் என்ன காரணம் சொல்வது?

கணினியைப் புதுச்சேரி சேவை மையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே நடந்ததுதான் இந்தப் புகாரின் மையம். முதலில் என் வட்டின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். மறுத்தேன். நானே வந்து உங்கள் முன்னால் தட்டச்சு செய்கிறேன், எத்தனை முறை வேண்டுமானாலும் செய்கிறேன் என்றேன். அப்படி வழக்கமில்லை என்றார்கள். பிறகு பரிசோதனைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மேலே சொன்ன ஜாப் ஷீட்டை நீட்டினார்கள். அதோடு, தரவு இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று நான் கையெழுத்திட வேண்டிய ஒரு படிவம். "என்கிரிப்ட் செய்த லினக்ஸ் பூட் ஆகாவிட்டால் எங்கே போனாலும் இதே பதில்தான்" என்று கவுண்டரில் சொன்னார்கள். கையெழுத்துப் போடாமல் கணினியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பதில் தவறு. ஏன் தவறு என்பதை உங்கள் பொறியாளர்களுக்குப் போய்ச் சேரும்படி விரிவாகவே எழுதுகிறேன்.

என் அக்கா மகன் லாஸ்பேட்டையில் இருக்கிறான், சர்வர்களைப் பராமரிப்பது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமை கடலூர் வந்தான். திரையைப் பார்த்ததுமே, "சித்தி, கடவுச்சொல்லே கேட்கவில்லை என்றால் வட்டு இன்னும் பூட்டியபடியே இருக்கிறது. உள்ளே யாரும் போகவில்லை" என்றான். பூட்டிய வட்டைத் திறக்கும் வேலையைச் செய்வது, கணினி தொடங்கும்போது நினைவகத்தில் ஏறும் ஒரு சின்ன அமைப்பு. அதற்குத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். அது என்கிரிப்ட் செய்யாத, கணினியைத் தொடங்க உதவும் ‘பூட்’ பகுதியில் தனியாக இருக்கும். மேம்படுத்தல் பாதியில் நின்றதால், பூட்டைத் திறக்கும் கிரிப்ட்செட்டப் கருவி இல்லாமலே அந்தச் சின்ன அமைப்பு உருவாகிவிட்டது. திறக்கும் ஆள் இல்லாததால் ரூட் கோப்பமைப்பைக் காணவில்லை என்கிறது. வாசற்படி பெயர்ந்ததற்கு உள்ளே இருக்கும் பீரோவைக் கொளுத்தச் சொல்வது போலத்தான் இதற்கு ஃபார்மட் செய்யச் சொல்வது.

அவன் முதலில் செய்தது உங்கள் மையத்தில் ஓரிரு நிமிடத்தில் செய்து பார்த்திருக்கக்கூடியது. கணினி தொடங்கும்போது எதை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனுவை வரவழைத்து, கூடுதல் தேர்வுகளில் இருந்த பழைய கெர்னலை (இயங்குதளத்தின் மையக்கருவை) தேர்ந்தெடுத்தான். கடவுச்சொல் கட்டம் வந்தது. நான் தட்டச்சு செய்தேன், ஏற்றுக்கொண்டது. பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கலந்து கிடந்ததால் டெஸ்க்டாப் வரை போகவில்லை, நடுவில் நின்றுவிட்டது. ஆனால் வட்டு நலமாக இருக்கிறது, கடவுச்சொல் சரி, பூட்டும் சரி என்பது அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது. எஸ்எஸ்டி பழுது என்று எழுதியவர் இந்த மெனுவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு பென்டிரைவில் இருந்து உபுண்டு 24.04ஐ நேரடியாக ஓடவிட்டான். பழுதைத் தொடும் முன்பே லக்ஸ் தலைப்பகுதியை வேறொரு பென்டிரைவில் நகல் எடுத்தான். வெறும் 16 எம்பி கோப்பு. வட்டைத் திறக்கும் சாவி விவரங்கள் அந்தத் தலைப்பகுதியில்தான் இருக்கின்றன. அது அழிந்தால் கடவுச்சொல் தெரிந்திருந்தும் தரவை யாராலும் மீட்க முடியாது. உங்கள் ஆட்கள் சொன்ன ஃபார்மட் முதலில் கை வைக்கும் இடமும் அதுதான். சாதாரண வட்டை ஃபார்மட் செய்துவிட்டால் மீட்புக் கருவிகளைப் போட்டுக் கொஞ்சமாவது தேடலாம். பூட்டிய வட்டில் அந்த வழியும் இல்லை. இந்த வேறுபாடு தெரியாதவர் கையில் அந்தப் படிவம் இருக்கவே கூடாது.

பிறகு வட்டைத் திறந்தோம். திறக்கும்போது வைக்கும் பெயர், பூட்டிய வட்டுகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் கோப்பில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டுமாம்; இல்லாவிட்டால் புதிதாக உருவாகும் தொடக்க அமைப்பில் வட்டைத் திறக்கும் குறிப்பு சேராமல் போய், மறுபடி அதே கறுப்புத் திரைதான். அவன் அந்தக் கோப்பைத் திறந்து பெயரைப் பார்த்து, மூடிய வட்டை மறுபடி அதே பெயரில் திறந்தான். பூட்டுக்குள் இருந்த வட்டுப் பகுதிகளை (எல்விஎம்) எழுப்பி, ரூட், பூட், கணினியைத் தொடங்கும் இஎஃப்ஐ ஆகிய மூன்று பகுதிகளையும் அதனதன் இடத்தில் இணைத்து, சிஹெச்ரூட் என்ற கட்டளை மூலம் என் கணினிக்குள்ளேயே நுழைந்தான். பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜியிடம், பாதியில் நின்ற பொதிகளை எல்லாம் அமைத்து முடி என்று ஒரே கட்டளை. திரை வேகமாக ஓடத் தொடங்கியது. ஓரிரண்டு பொதிகள் வேறு பொதிகளைச் சார்ந்திருந்ததால் முரண்டு பிடித்தன, ஆப்ட் என்ற இன்னொரு கருவி அவற்றைச் சரிசெய்தது. கடைசியாக எல்லாக் கெர்னல்களுக்கும் தொடக்க அமைப்பைப் புதிதாக உருவாக்கி, அதற்குள் கிரிப்ட்செட்டப் இந்த முறை இருக்கிறதா என்று பட்டியலைத் திறந்து பார்த்து, கிரப்பையும் புதுப்பித்தான். மறுதொடக்கம் செய்ததும் கடவுச்சொல் கட்டம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் குறுக்கு விசாரணைக் குறிப்புகளைத் திறந்து படித்துக்கொண்டிருந்தேன்.

இதில் ரகசியமோ அபூர்வ வித்தையோ எதுவும் இல்லை. லினக்ஸ் பராமரிப்பவர்கள் அன்றாடம் செய்கிற வேலை. "லினக்ஸ் தெரிந்த ஆள் இந்தப் பக்கம் கிடைப்பதில்லை" என்று உங்கள் கிளை மேலாளர் தொலைபேசியில் சொன்னதையும் ஏற்க முடியாது. நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வந்த கணினிகளில் ஓடுவது உபுண்டுதான். தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பு இருந்தது. புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் வெகுகாலமாக இயங்கி வருகிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் உபுண்டு போட்டு விற்காதீர்கள், பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. அப்போது பல நாள் இருட்டில் கிடந்தோம். 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியைத் தண்ணீரில் மூழ்கடித்தது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் மேம்படுத்தல் நடுவில் கணினி அணைந்துபோவது இங்கே எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது. என் விஷயத்தில் அணைத்தது உங்கள் பொறியாளர், வேறொருவருக்கு மின்வெட்டு. இருவரும் உங்கள் கவுண்டருக்குத்தான் வருவார்கள். எனக்கு அக்கா மகன் இருந்தான். திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி கடை வைத்திருப்பவரோ தனியே கணக்கு எழுதிப் பிழைக்கும் பெண்ணோ அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, போனது போகட்டும் என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஏற்கெனவே அப்படி எத்தனை பேர் போனார்களோ என்ற நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தப் பொறியாளர் சின்னப் பையன். ஒரே நாளில் பல இடங்களுக்கு அனுப்பி, முறையான பயிற்சியும் கொடுக்காமல், பழியை அவர் தலையில் போட்டுவிடாதீர்கள். அவரை வேலையை விட்டு அனுப்பினால் என் புகார் தீர்ந்ததாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நான் கேட்பவை இவை. பரிசோதனைக் கட்டணத்தையும் இந்த ஆண்டின் பராமரிப்புக் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். அந்த ஜாப் ஷீட்டில் எழுதியது தவறு, எஸ்எஸ்டி நல்ல நிலையில் உள்ளது என்று எழுத்தில் கொடுங்கள். நாளைக்கு உண்மையிலேயே எஸ்எஸ்டிக்கு ஏதாவது ஆனால், முன்பே பழுது என்று சொல்லி உத்தரவாதத்தை மறுக்க அது பயன்படக்கூடாது. வாடிக்கையாளரின் வட்டுக் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ கேட்கக்கூடாது என்று எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பி, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்க்காமல், பென்டிரைவில் இருந்து வட்டைத் திறந்து பார்க்காமல், அந்தத் தரவு இழப்புப் படிவத்தை யாரிடமும் நீட்டக்கூடாது. என்கிரிப்ட் செய்து விற்கும் ஒவ்வொரு கணினிக்கும், விற்கும் அன்றே லக்ஸ் தலைப்பகுதியின் நகலை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, அதை எங்கே எப்படிப் பத்திரமாக வைப்பது என்று சொல்லிக் கொடுங்கள். அந்த நகல் உங்களிடம் இருக்கக்கூடாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சேவைக் குறைபாட்டுக்காகக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்வேன். புகார்தாரர் வசிக்கும், தொழில் செய்யும் ஊரிலேயே தாக்கல் செய்ய 34ஆவது பிரிவு இடம் தருகிறது. தொழிலுக்கு வாங்கிய கணினி, எனவே நீங்கள் நுகர்வோர் இல்லை என்ற பதிலைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகத் தானே பயன்படுத்த வாங்கியவரையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

ஜாப் ஷீட், கையெழுத்திடாத படிவம், ஒப்பந்தம், கட்டண ரசீது, கடவுச்சொல் கேட்டு வந்த செய்தியின் திரைப்பிடிப்பு ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். மூலங்கள் என்னிடம் உள்ளன. மேம்படுத்தல் எந்த நேரத்தில் அறுந்தது என்பது கணினியின் பதிவுக் கோப்புகளிலேயே இருக்கிறது. உங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து யாராவது பார்க்க விரும்பினால் என் அலுவலகத்துக்கு நேரில் வரலாம், நானே திறந்து காட்டுகிறேன். நீதிமன்ற நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வழக்கறிஞர், கடலூர்.