மூன்று மணிக்குக் கடை அடைத்தாயிற்று, நாலேகாலுக்கு ஆர்டர் ரத்து

கொளத்தூர், சென்னை
7-5-2020

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஏப்ரல் 21 அன்று பணம் கட்டிய மளிகை ஆர்டர் கடைசி நேரத்தில் ரத்தானது குறித்து

ஐயா,

வணக்கம். உங்கள் ஆப்பில் ஏப்ரல் 21 அன்று 2,180 ரூபாய்க்கு மளிகை ஆர்டர் போட்டேன். கோதுமை மாவு, கேழ்வரகு, பாசிப்பயறு, துவரம்பருப்பு, எண்ணெய், அவ்வளவுதான். பணம் உடனே எடுத்துக்கொண்டீர்கள். 22-ஆம் தேதி வரும் என்றது 24 ஆனது, அப்புறம் 25 மதியம் 12 முதல் 2 மணி வரை என்று மாறியது. ஊரடங்கில் ஆள் பற்றாக்குறை இருக்கும், தாமதமாகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். என் புகார் தாமதத்தைப் பற்றியது அல்ல.

24-ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான் முழு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. ஞாயிறு காலை 6 மணி முதல் புதன் இரவு 9 மணி வரை சென்னையில் மளிகைக் கடை கிடையாது. கைக்கு இருந்தது சனிக்கிழமை ஒரே ஒரு நாள். வழக்கமாக 1 மணிக்கு அடைக்க வேண்டிய கடைகளை அன்று மட்டும் 3 மணி வரை திறந்துவைக்க அரசு அனுமதித்தது. எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் காலையிலிருந்தே கூட்டம். வீட்டில் 74 வயது மாமியார், சர்க்கரை நோயாளி. தொற்றைக் கொண்டுவந்து அவர்களுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று நான் அந்த வரிசைக்குப் போகவில்லை. "உங்கள் ஆர்டர் தயாராகிறது" என்று காலை 10 மணிக்கு நீங்கள் அனுப்பிய செய்தியை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

மாலை 4.15-க்கு ரத்து என்று செய்தி வந்தது. காரணம் எழுதவில்லை. வாடிக்கையாளர் எண்ணுக்கு ஏழு முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை.

அந்தச் செய்தி காலையில் வந்திருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றிருப்பேன். அந்த வாய்ப்பையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டீர்கள். வீட்டில் ரேஷன் அரிசி இருந்ததால் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் ராத்திரி சப்பாத்தியோ கேழ்வரகுக் கூழோ சாப்பிடுகிறவர்கள் அத்தை. இரண்டு நாள் மூன்று வேளையும் சோறுதான். மூன்றாம் நாள் சர்க்கரை அளவு 310 காட்டியது. பக்கத்து வீட்டு அக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு கிலோ கோதுமை மாவு கொடுத்தார். அவர் வீட்டிலும் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ள எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பணம் இன்னும் வங்கிக் கணக்குக்கு வரவில்லை. உங்கள் வாலட்டில் போட்டிருக்கிறீர்கள். அதை வைத்துத் தெருக்கடையில் உப்புகூட வாங்க முடியாது.

பொருள் கொண்டுவரும் பையன்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, தயவுசெய்து இதற்காக யார் சம்பளத்திலும் கை வைக்காதீர்கள். எத்தனை ஆர்டர் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்று தெரிந்தும் அதற்கு மேல் பணம் வாங்கியது நிர்வாகம்தான்.

2,180 ரூபாயை என் வங்கிக் கணக்கில் ஏழு நாளுக்குள் திருப்புங்கள். அன்று ஏன் ரத்தானது என்று எழுத்தில் பதில் கொடுங்கள். இனி ஒரு ஆர்டரைக் கொடுக்க முடியாது என்றால் அன்று காலை 8 மணிக்குள் சொல்லிவிடுங்கள். 5-ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டும் மூடியாகிவிட்டது. எங்களைப் போல வயதானவர்களை வைத்துக்கொண்டு வெளியே போகத் தயங்குகிற வீடுகள் இன்னும் அதிகமாக உங்களை நம்பப்போகின்றன. பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
கொளத்தூர் வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, நான்கு குறுஞ்செய்திகளின் படம்