கயலுக்கு அனுப்பிய புத்தகங்கள்

அன்புள்ள செல்விக்கு, அப்பா எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் நலம். திங்கட்கிழமை பார்சல் போட்டேன். கயலுக்கு 4 புத்தகம். வந்ததும் ஒரு வார்த்தை சொல்லம்மா. போன் பண்ண முடியாவிட்டால் மெசேஜ் போதும். இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ தூங்குவதாக மாப்பிள்ளை சொன்னார்.

அவளுக்கு 11 முடிகிறது. பிள்ளைகள் வாசிப்பை விடுகிற வயது இதுதான். படக்கதை சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும், பெரியவர்கள் நாவல் பத்துப் பக்கத்தில் அலுத்துவிடும். அதனால் முதலில் 'டோட்டோ-சான்' கொடு, ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளிக்கூடக் கதை. அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்குத் தினம் ஒன்றை முடித்த திருப்தி இருக்கும். தொடக்கத்தை நீ வாய்விட்டுப் படி. ரயில்பெட்டியே வகுப்பறையாக இருக்கும் பள்ளிக்கூடம் வரும், அங்கே நிறுத்திவிடு. மிச்சத்தை அவளே எடுப்பாள். அந்தத் தலைமையாசிரியர் கோபயாஷி, முதல் நாள் அந்தச் சிறுமி பேசப் பேச 4 மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த இடத்தை நீயும் படி.

எந்தப் புத்தகமானாலும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால் ஆறு மாதம் கழித்துக் கொடு. கட்டாயப்படுத்தினால் அந்தப் புத்தகத்தோடு தமிழையும் சேர்த்து வெறுப்பாள். முடித்ததும் "கதை என்ன?" என்று கேட்காதே, அது பரீட்சை. "யாரைப் பிடித்தது?" என்று மட்டும் கேள்.

அடுத்தது 'ஆதனின் பொம்மை'. 2023இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய நாவல், கீழடியைப் பற்றியது. அவள் படித்துவிட்டால் லீவில் கீழடி அருங்காட்சியகத்துக்கு நானே கூட்டிப்போகிறேன். நீயும் வா, இரண்டு நாள் தங்கிப் போகலாம்.

'ஆயிஷா' மெல்லிய புத்தகம்தான். மெல்லியது என்று இப்போதே கொடுத்துவிடாதே. ஆசிரியர் அடிக்கும் அடி வலிக்காமலிருக்க, மரத்துப்போகும் மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்து இறந்துபோகிற பெண்ணின் கதை. 13 ஆகட்டும். அன்று சாயங்காலம் நீ வீட்டில் இரு.

நாலாவது 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. ரஷ்ய எழுத்தாளர் ரஸ்கின், மகள் நோயில் படுத்திருந்தபோது தான் சிறுவயதில் செய்த தப்புகளை அவளுக்குச் சொன்ன கதைகள். கயல் சிரித்துக்கொண்டே படிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'பொன்னியின் செல்வன்' நாலாம் பாகத்தை 14 வயதில் நீ மூன்றே நாளில் முடித்தாய். தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஐந்தாம் பாகத்தை எடுத்தபோது பரீட்சை என்று பிடுங்கிப் பரண்மேல் போட்டதும் நான்தான். நீ அழவுமில்லை, கேட்கவுமில்லை. அதற்கப்புறம் என்ன படிக்கிறாய் என்று என்னிடம் சொன்னதேயில்லை. வேறெதையும் சொன்னதில்லை. நானும் உட்கார்ந்து கேட்கவில்லை செல்வி. அது என் தப்பு.

பார்சலின் அடியில் செய்தித்தாள் சுற்றி ஒன்று இருக்கும். பரணிலிருந்து எடுத்தது, ஓரம் கொஞ்சம் பூச்சி அரித்திருக்கிறது. அது உனக்கு.

தூக்கம் சரியாக வருகிறதா? பார்சல் வந்ததும் சொல்லம்மா. எத்தனை மணியானாலும் நான் எடுப்பேன்.

அப்பா