‘என் கடை, என் இஷ்டம்’: சலூன், தேநீர்க் கடைச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

முடிதிருத்தும் நிலையங்களும் தேநீர்க் கடைகளும் நடத்துவோரின் சங்கப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

“என் கடை, என் இஷ்டம். யாருக்கு வெட்டணும், யாருக்கு டீ ஊத்தணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்” என்பார்கள் உங்கள் உறுப்பினர்கள் சிலர். அதில் கொஞ்சம் சரி. குடித்துவிட்டு ரகளை செய்பவரை வெளியே அனுப்பலாம். பழைய பாக்கியைத் தராதவருக்குக் கடன் மறுக்கலாம். கடை அடைத்தபின் வருபவரை நாளை வரச் சொல்லலாம். 18 வயது நிரம்பாதவருக்கு சிகரெட் தராமலிருப்பது கடமையே. இங்கெல்லாம் மறுப்புக்குக் காரணம் வந்தவரின் நடத்தை, அல்லது எல்லோருக்கும் பொதுவான விதி. எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று சாதி பார்த்து மறுத்தால் அது குற்றம்.

சலூன் ‘கடை’ ஆகுமா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. சாதி பார்த்துக் கடைக்குள் வரத் தடை விதிக்கக் கூடாது என்ற பிரிவில் ‘கடை’ என்ற சொல்லுக்குள் சலவைக் கடையும் முடிதிருத்தும் கடையும் அடங்குமா என்று கேட்கப்பட்டபோது, சேவை தர முன்வரும் எவரையும் உள்ளடக்கும் விரிந்த பொருளிலேயே அந்தச் சொல் பயன்படுத்தப்படுகிறது என்று அம்பேத்கர் விளக்கினார். அதுதான் அரசியலமைப்புச் சட்டத்தின் இன்றைய 15(2) பிரிவு.

உங்கள் உறுப்பினர்கள் ஒன்றைக் கட்டாயம் படிக்க வேண்டுமென்றால், அது தீண்டாமையைத் தண்டிக்கும் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. தீண்டாமை காரணமாகப் பொருளையோ சேவையையோ அடியோடு மறுப்பது மட்டும்தான் அதில் குற்றம் என்றில்லை. மற்றவர்களுக்குத் தரும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் தராமல் போவதும் குற்றம். பெரும்பாலானோர் வழுக்கி விழுவது இங்கேதான். டீ கொடுத்தேனே என்பார்கள். ஆனால் ஒருவருக்குக் கண்ணாடிக் கிளாஸ், இன்னொருவருக்குக் காகிதக் கப். ஒருவருக்குப் பெஞ்சு, இன்னொருவருக்கு வாசல் திண்ணை. இரட்டைக் குவளை காகிதத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். காகிதக் கப் வைப்பதில் தவறில்லை. எல்லோருக்கும் அதுவே என்றிருக்க வேண்டும், அல்லது கேட்பவருக்குக் கேட்டது கிடைக்க வேண்டும்.

சலூனில் மறுப்பு இவ்வளவு வெளிப்படையாக நடப்பதில்லை. “ஆள் இல்லை”, “இப்பதான் பூட்டப் போறேன்”, “டவுனுக்குப் போய் வெட்டிக்கோங்க.” இதைச் சொல்லிவிட்டு அடுத்து வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்தால், பாதிக்கப்பட்டவருக்கு அதைவிட வலுவான சாட்சியம் வேண்டியதில்லை. மறுக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமைதான் காரணம் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் (12-ஆம் பிரிவு). இல்லையென்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. நேர்மையாகத் தொழில் செய்பவருக்குக்கூட இங்கே ஒரு பாதுகாப்பு தேவை: வரிசை எண் எழுதிய டோக்கன், சுவரில் விலைப்பட்டியல், திறக்கும் மூடும் நேரம், ஒவ்வொருவருக்கும் புது பிளேடு, துவைத்த துண்டு. செலவு சொற்பம்.

தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் அபராதம். தொகையைப் பார்த்து அலட்சியம் வேண்டாம். 8-ஆம் பிரிவின்படி தொழில் உரிமத்தையே ரத்து செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். கடைக்குள் வர விடாமல் தடுத்தாலோ பொதுப் பாத்திரத்தைத் தர மறுத்தாலோ, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கில் சாரமில்லை என்றால் தவிர முன்ஜாமீன் கிடையாது. திருநங்கை, திருநம்பியருக்குச் சேவை மறுப்பதை 2019-இல் வந்த தனிச் சட்டம் தடை செய்கிறது.

இனி, உங்களுக்கே தெரிந்த கஷ்டம். பல ஊர்களில் கத்தரி பிடிப்பவருக்குத் தயக்கம் இல்லை, பயம்தான் இருக்கிறது. “அவங்களுக்கு வெட்டினா நாங்க வரமாட்டோம்” என்று மிரட்டப்படுபவர் பெரும்பாலும் ஊரில் ஒற்றைக் குடும்பம், கடையும் வாடகைக் கட்டடம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வழக்கில் அது தப்பிக்க உதவாது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று சொல்லிப் பள்ளிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த பெட்டிக்கடைக்காரர் கைதானார். கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. கட்டுப்பாடு போடுபவர்களும் தப்பக் கூடாது. தீண்டாமையைத் தூண்டுவது குற்றம். அதைக் கடைப்பிடிக்க மறுத்தவரை அவருடைய சமூகத்தாரே ஒதுக்கி வைப்பதும் 1955 சட்டத்தின் 7(2) பிரிவின் கீழ் குற்றம்.

சங்கத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. மிரட்டப்பட்ட உறுப்பினர் தனியாகக் காவல் நிலையம் போனால் ஊரில் அவர் பெயர் மட்டுமே அடிபடும். சங்கத்தின் பெயரில், நாள், நேரம், மிரட்டியவர் சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றுடன், காவல் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் விரைவு அஞ்சலில் மனு அனுப்புங்கள். ரசீதைக் கோப்பில் வையுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதற்கு ஒரு தீர்மானம் போடுங்கள்: எந்த உறுப்பினரும் தெரு பார்த்து மறுப்பதில்லை, அதனால் யாருக்கு வாடிக்கையோ வாடகையோ போனாலும் சங்கம் உடன் நிற்கும் என்று. ‘அனுமதி உரிமை நிர்வாகத்துக்கே’ என்ற பலகைகளை இறக்கிவிட்டு, விலையும் நேரமும் வரிசை முறையும் எழுதிய பலகையைச் சங்கமே அச்சடித்துக் கொடுக்கட்டும். அதன் அடியில் வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண் 14566 இருக்கட்டும், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி.