பலகையைக் கடைசியில் தேர்ந்தெடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், வீட்டை ஒட்டி நீ புதிதாகக் கட்டப்போகும் டெக்குக்கு, அதாவது திறந்தவெளிப் பலகை மேடைக்கு, வரைந்து அனுப்பிய படமும் வந்து சேர்ந்தன. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இடுப்பு எலும்பு முறிந்தவர் இந்த வயதில் மறுபடி எழுந்து நடப்பது சின்ன விஷயமில்லை. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டாள். நான் பட்டறையை இன்னும் மூடவில்லை, ஆனால் பெரிய வேலை எதையும் எடுப்பதில்லை. அதனால் உன் படத்தை வைத்துக்கொண்டு ஆற அமர யோசிக்க நேரம் கிடைத்தது.

டெக்குக்கு மரம் போடலாமா, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் காம்போசிட் பலகை போடலாமா என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். ஆனால் நீ படத்தில் வரையாமல் விட்ட பகுதியைப் பற்றித்தான் எனக்கு முதலில் பேச வேண்டும். மேலே மிதிக்கிற பலகையை என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அடியில் இருக்கும் சட்டங்களும் தூண்களும் கெட்டுப்போனால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதுதான். காம்போசிட் பலகைக்கு 25 வருஷ உத்தரவாதம் தருகிறவர்கள் உண்டு. அது பலகைக்கு மட்டும். கீழே உள்ள மரச்சட்டம் அதற்குள் உளுத்துப்போனால் அந்த உத்தரவாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு அடிப்பகுதிக்குப் போகட்டும். மிச்சம் எவ்வளவோ அதற்கேற்ற பலகையை வாங்கு.

சுவரை ஒட்டி ஓடும் நீளச் சட்டம் இருக்கிறதே, லெட்ஜர் என்பார்கள், அதில்தான் எனக்குக் கவலை அதிகம். டெக் இடிந்து விழுந்த செய்திகளில் பலமுறை காரணமாக இருப்பது அந்த இணைப்புதான். வெறும் ஆணியால் அறைந்திருப்பார்கள். கூட்டம் ஏறி நின்றதும் ஆணி சுவரிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். அங்கே போல்ட் போட்டு முடுக்கித்தான் ஆக வேண்டும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் மழைத்தண்ணீர் இறங்காதபடி மேலே தகடு மடித்துப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் டெக் மட்டுமல்ல, வீட்டுச் சுவரும் சேர்ந்து கெடும். உன் சுவர் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் சுவரைத் தொடாமல் நான்கு பக்கமும் தூண் கொடுத்துத் தனியாக நிறுத்திவிடலாம். தூண் கூடும், ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சட்டங்களுக்கு, உளுக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பைன் மரம் போதும். தரையைத் தொடும் இடத்துக்கு என்றே கூடுதல் மருந்து ஏற்றிய கட்டை கிடைக்கும், தூணுக்கு அதையே கேட்டு வாங்கு. இப்போதைய மருந்துகளில் செம்பு அதிகம். செம்பு படும் இடத்தில் சாதாரண இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடித்து அரித்துப்போகும். அதனால் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி, போல்ட், கிளாம்ப், அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இந்த இடத்தில் சிக்கனம் வேண்டாம். அறுத்த முனையில் மருந்து ஏறாத உள்மரம் வெளியே தெரியும், ஒவ்வொரு முனைக்கும் மருந்தைத் தூரிகையால் தடவச் சொல்.

பழைய டெக்கைப் பிரித்த பலகைகளில் காய்கறிப் பாத்தி கட்டப்போவதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. அமெரிக்காவிலேயே 2003 கடைசி வரை வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்செனிக் கலந்த மருந்துதான் பெரும்பாலும் ஏற்றினார்கள். உன் பலகை எந்தக் காலத்தது என்று தெரியாதவரை அதில் உண்ணும் பயிர் வேண்டாம். அடுப்பிலும் போடாதே, புகையிலும் சாம்பலிலும் அந்த நஞ்சு இருக்கும்.

சரி, பலகைக்கு வருகிறேன். உன் படத்தின்படி டெக் மேற்குப் பார்த்தது, நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. மதிய வெயிலில் காம்போசிட், அதுவும் அடர்நிறமாக இருந்தால், வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். மரமும் சுடும், ஆனால் அவ்வளவு இல்லை. காம்போசிட்டுக்கு எண்ணெய் பூச வேண்டாம், சிராய் ஏறாது, கழுவி விட்டால் போதும். இதெல்லாம் உண்மைதான். வெயிலில் அது நீளவாக்கில் நீளும், குளிரில் சுருங்கும், அதற்கு முனையில் இடைவெளி விட்டுப் பொருத்தத் தெரிந்த ஆள் வேண்டும். மரம் அகலவாக்கில்தான் அசையும். காம்போசிட் வளைந்துகொடுக்கும் என்பதால் அடியில் சட்டங்களையும் நெருக்கி வைக்க வேண்டும். மையத்துக்கு மையம் 40 சென்டிமீட்டர் வழக்கம், பலகையைக் குறுக்குச் சாய்வாகப் போட்டால் 30.

உன் இடத்தில் நான் இருந்தால் மரம்தான் போடுவேன். வைரம் பாய்ந்த தேக்கு கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், அதன் எண்ணெயே அதைக் காக்கும். ஈப்பே என்கிற தென் அமெரிக்க மரம் இன்னும் கெட்டி. தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். முன்துளை போடாமல் திருகாணி இறங்காது, ரம்பத்தின் பல் மழுங்கும், கூலியும் ஏறும். எந்த மரமானாலும் வெயில் பட்டுப் பட்டு மேல்தோல் சாம்பல் நிறமாகும். அது நிறம்தான், கெடுதல் இல்லை. பழைய நிறமே வேண்டும் என்றால் எண்ணெய் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அந்தச் சாம்பல் பிடிக்கும்.

வரி வெட்டிய பலகை வழுக்காது என்று விற்பார்கள். அந்தப் பள்ளங்களில் தூசியும் ஈரமும் தங்கிப் பாசி படிந்தால் அதுவே வழுக்கும். அம்மா நடக்கப்போகிற இடம், வழவழ பலகை வாங்கி அடிக்கடி தேய்த்துக் கழுவு.

அம்மாவுக்காகவே இன்னொன்று. மழைத்தண்ணீர் உள்ளே வராதிருக்க டெக்கைக் கதவு நிலைக்குக் கொஞ்சம் கீழேதான் அமைப்பார்கள். வாக்கரின் காலுக்கு அந்தச் சிறிய படியே தடுக்கும். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைக்க முடியும். கதவை ஒட்டித் தண்ணீர் இறங்கும் கம்பிச்சல்லடை ஒன்றும் மேலே சின்னக் கூரையும் கொடுத்தால் போதும். தோட்டத்துக்கு இறங்கச் சாய்தளம் வேண்டுமானால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் 5.4 மீட்டர் ஓட வேண்டும். படத்தில் அதற்கு நீ இடமே விடவில்லை. பூந்தொட்டி வரிசையை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.

பையன் கேட்கிற வெந்நீர்த் தொட்டியை டெக் மேல் ஏற்றாதே. சாதாரண வீட்டு டெக் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கிட்டுக் கட்டப்படுவது. 1,500 லிட்டர் தண்ணீர் மட்டுமே ஒன்றரை டன். நாலு சதுர மீட்டரில் அதை வைத்தால் சதுர மீட்டருக்கு 375 கிலோ, தொட்டியும் ஆட்களும் தனி. பக்கத்தில் தரையில் கான்கிரீட் போட்டு வைக்கட்டும், அவன் ஆசையும் நிறைவேறும்.

கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், நிறுத்தவாக்கில் மட்டும். படுக்கைவாக்கில் போட்டால் பேத்தி ஏணியாக ஏறிவிடுவாள். படிகளுக்கு 12 வோல்ட் விளக்கு போதும், பலகை அடிப்பதற்கு முன்னாலேயே ஒயரை இழுத்துவிடு. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாற்காலி இழுக்க 90 சென்டிமீட்டர் விடு.

எனக்கு இரண்டு விவரம் வேண்டும்: கதவு நிலையிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர், அந்தச் சுவர் செங்கல்லா, மரச்சட்டமா? தெரிந்ததும் அடிச்சட்டத்துக்கு அளவோடு படம் போட்டு அனுப்புகிறேன். சட்டம் நிறுத்துகிற வாரம் சொல், நேரில் வந்து போல்ட்டை நானே முடுக்கிப் பார்க்கிறேன். அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்